இரண்டாவதை மட்டும் ஏன் திருப்ப வேண்டும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் மகளின் கணக்கு டீச்சர் ஒரு பெற்றோர் கூட்டத்தில் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது. நான் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா என்பது அவருக்குத் தெரியும். அவர் கதையில் வருகிற இன்னொரு பெண்ணின் அண்ணன் என்பது தெரியாது. எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்படி எழுந்து வந்தது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பது என் வேலை. இதுவரை நான்கு கதைகள் அச்சாகியிருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இதில் இருப்பவர்கள் எல்லாருமே தெரிந்தவர்கள். அதனால் கை தயங்குகிறது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கரும்பலகை முன்னால் நின்ற அவளுடைய கையில் சாக்பீஸ் நடுங்கி—"

வேண்டாம். யாருடைய கையும் நடுங்கவில்லை என்று டீச்சரே சொன்னார்.

இரண்டாவது:

"என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தவளை நான் பதினொரு வருடம் கழித்துச் சந்தித்தேன்."

இது என் அம்மாவின் வாக்கியம். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி இப்படித்தான் பேச்சு. கூடவே உட்கார்ந்து, கூடவே சாப்பிட்டு, கடைசி நாளில் காலை வாரிவிட்டாள் என்று அம்மா சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுக்கும் அதைக் கேட்கும் பாக்கியம் கிடைக்கும். தங்கை அந்த நேரத்தில் தட்டைக் கழுவ எழுந்து போய்விடுவாள்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அது ஒரு சீட்டிலிருந்து தொடங்குகிறது.

[ஒரு சங்கடம். இன்று நான் "டீச்சர்" என்றும் "அவர்" என்றும் சொல்கிறவரைக் கதைக்குள் "அவள்" என்று எழுத வேண்டியிருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.]

3

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, இரண்டாவது மாடி, கோடி அறை. கணக்குப் பிரிவில் இருபத்து நான்கு பேர். நிஜப் பிள்ளைகளிடம் அனுப்புவதற்கு முன்னால், மூன்று மாதம் ஒருவர் முன்னால் ஒருவர் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒருவர் ஆசிரியர், மிச்சம் எல்லாரும் பிள்ளைகள். ஆளுக்கு இருபது நிமிடம். பேராசிரியை ஸ்டாப்வாட்சோடு பின்னால் உட்கார்ந்திருப்பார்.

எந்தப் பாடம், எந்தக் கற்பித்தல் மாதிரி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒரு மாதிரியில் ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார், பிறகு சேர்ந்து செய்வார், பிறகு பிள்ளைகளைத் தனியே செய்ய விடுவார். இன்னொரு மாதிரியில் விதியைச் சொல்லவே கூடாது. உதாரணங்களைப் பலகையில் அடுக்கிவிட்டு, பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவதில் பிள்ளைகள்தான் கேள்வி கேட்பார்கள். ஆசிரியர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லலாம். [எங்கள் மருத்துவமனையில் நடப்பது இதன் தலைகீழ். நான் கேட்பேன். வந்தவர் தெரியுது, தெரியலை என்பார்.]

பிள்ளைகளாக உட்காருகிறவர்களுக்கும் சீட்டு உண்டு. கெட்டிக்காரி, வாயாடி, ஜன்னலைப் பார்ப்பவன் என்று ஆளுக்கொரு வேடம். அவளுக்கு முதல் நாள் வந்த சீட்டில் "கடைசி பெஞ்சு: எதுவும் புரியாது" என்று எழுதியிருந்தது.

அன்று பாடம் நடத்தியவருக்கு மைக் என்று பட்டப்பெயர். அவர் பேசினால் கீழ்மாடிக்குக் கேட்கும். எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று சொல்லி, அதைப் பெட்டி கட்டிப் பலகையில் எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது.

"ஏன் சார் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது. தடை."

"யாரு சார் தடை பண்ணாங்க?"

வகுப்பே சிரித்தது. மைக்கும் சிரித்துவிட்டார். பேராசிரியை ஸ்டாப்வாட்சை நிறுத்தி, இந்த மாதிரி ஒரு மாணவி இருந்தால்தான் ஆசிரியருக்குப் பயிற்சி, என்ன அருமையான நடிப்பு என்று பாராட்டினார். மறுநாளிலிருந்து அந்தச் சீட்டு குலுக்கலில் இல்லை. அது அவளுக்கே நிரந்தரம். பெயரும் கடைசி பெஞ்சு என்று ஆகிவிட்டது.

மாலையில் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அவள் யோசித்தது ஒன்றைத்தான். தான் நடிக்கவில்லை. பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

4

கணக்கில் அவள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இது எப்படி ஒத்துப்போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் டீச்சரிடம் கேட்டேன்.

புத்தகத்தில் இருந்த எல்லாக் கணக்கையும் அவள் போட்டுப் போட்டுப் பழகியிருந்தாள். எண்ணை மாற்றிக் கொடுத்தாலும் கை போட்டுவிடும். ஏன் அப்படிப் போடுகிறாய் என்று எந்தத் தேர்விலும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் தயார் செய்வார்கள்? அவளுடைய அப்பா அந்த மதிப்பெண் பட்டியலுக்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். தண்ணீர்க் குழாய் சரிபார்க்க வந்தவரிடம்கூட, என் பொண்ணு கணக்குல புலி என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் புலிக்குத்தான் அந்த மூன்று மாதம் சொர்க்கம். வேடம் என்ற பெயரில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் ஏன் எப்போதும் நூற்றெண்பது? இரண்டு கழித்தல் குறி சேர்ந்தால் ஏன் கூட்டல்? கேட்டால் கைதட்டு கிடைத்தது. சில நாள் பதிலும் கிடைத்தது. கிடைத்த பதிலை யாருக்கும் தெரியாமல் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பதில் கிடைக்காத கேள்விகள் அதைவிட நீளமான பட்டியலாக இருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்தவள் ஸ்கேல். தேதிக்குக் கீழே கோடு போடுவதென்றாலும் அளவுகோல் வைத்துத்தான் போடுவாள். வகுப்பில் முதல் ஆள். இருவரும் ஒரே பேருந்தில் வந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். ஸ்கேல் என் தங்கை.

[இதை நான் பின்னால், ஒரு திருப்பமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஒளித்து வைத்தது போதும் என்று இங்கேயே சொல்லிவிட்டேன்.]

5

கடைசியில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். இருபது மதிப்பெண். மொத்தப் பட்டியலில் முதலில் வருகிறவருக்குக் கல்லூரியோடு சேர்ந்த பள்ளியிலேயே வேலை. அதுவரை முதலிடம் ஸ்கேலுக்கு, இரண்டாமிடம் கடைசி பெஞ்சுக்கு.

ஸ்கேலுக்கு வந்த சீட்டு: பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல். மாதிரி, உதாரணங்களிலிருந்து பிள்ளைகளே விதியைக் கண்டுபிடிப்பது. தேர்வுக்கு முந்தின நாள் மதியம், காலி வகுப்பறையில் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். முடிந்ததும் ஸ்கேல் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு மட்டும் லேசா கேளு."

சரி என்றாள் இவள்.

மறுநாள் தேர்வாளருக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் மதிப்பெண் தாளுமாக முன் வரிசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஸ்கேல் அழகாகத் தொடங்கினாள். பலகையில் விடைகளோடு உதாரணங்கள். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு. முக்காலை அரைக்காலால் வகுத்தால் ஆறு. மூன்றில் இரண்டை ஆறில் ஒன்றால் வகுத்தால் நான்கு. கடைசியாக, முக்காலை மூன்றில் இரண்டால் வகுத்தால் எட்டில் ஒன்பது. என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்றாள். பிள்ளைகளாக இருந்தவர்கள் பார்த்துவிட்டு, இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குகிறோம் என்றார்கள். கண்டுபிடித்தாயிற்று. தேர்வாளர் தலையாட்டினார். பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

கடைசி பெஞ்சில் கை உயர்ந்தது.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் நின்றுவிட்டேன். அண்ணனாக எழுதியபோது இப்படி வந்தது:

"ஸ்கேல் சறுக்கினால் முதலிடம் தனக்குத்தான் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்—"

அடித்துவிட்டேன். டீச்சர் சொன்ன காரணம் வேறு. அதை நான் நம்புகிறேன். அதுதான் மூன்று மாதத்தின் கடைசிப் பாடம். அது முடிந்தால் அவள் ஆசிரியை. பிறகு எந்த வகுப்பிலும் கையைத் தூக்கி, எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. நோட்டின் பின்பக்கத்தில் முதல் வாரமே எழுதி, கடைசிவரை பதில் இல்லாமல் இருந்தது இந்தக் கேள்விதான். எட்டு நிமிடம் மிச்சமிருந்தது.

"டீச்சர், ரெண்டாவதை மட்டும் ஏன் திருப்பணும்? மொதல்ல இருக்கிறதைத் திருப்பினா என்ன?"

"திருப்பிப் பாருங்க. வேற விடை வரும்."

அவள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். "ஒன்பதில் எட்டு வருது டீச்சர். வேறதான். ஆனா ரெண்டுல எது சரின்னு எப்படித் தெரியும்?"

"பலகையில இருக்கே."

"பலகையில இருக்கிறது சரின்னு எப்படித் தெரியும்?"

ஸ்கேல் பலகையைப் பார்த்தாள். திரும்பி வகுப்பைப் பார்த்தாள். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டிய மாதிரியில் சொல்லக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான். தேர்வாளர் கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். மிச்ச நிமிடங்களில் ஸ்கேல் வீட்டுப்பாடம் கொடுத்தாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இருபதுக்குப் பதினொன்று. ஸ்கேல் மூன்றாவது இடத்துக்குப் போனாள். முதலிடமும் வேலையும் கடைசி பெஞ்சுக்கு வந்தன.

6

மாடிப்படி அருகே குழாயில் ஸ்கேல் கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். பேராசிரியை அப்போதுதான் இவளைத் தட்டிக்கொடுத்து, கடைசி நாளும் வேடத்தை விடவில்லையே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"லேசா கேளுன்னு சொன்னேன்ல?" என்றாள் ஸ்கேல்.

எனக்கு நிஜமாகவே தெரியாது என்ற பதில் இவளுடைய வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் தொண்ணூற்றேழு பொய்யாகும், மூன்று மாதக் கைதட்டு பொய்யாகும், அப்பா மாட்டிய கண்ணாடிச் சட்டம் பொய்யாகும். படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி பெஞ்சு கேக்கிறதைத்தானே கேட்டேன்."

ஸ்கேல் குழாயை மூடிவிட்டுப் போனாள். அன்று மாலைப் பேருந்தில் இருவரும் வேறு வேறு கதவில் ஏறினார்கள். பிறகு பேசிக்கொள்ளவேயில்லை.

ஸ்கேல் ஆசிரியை ஆகவில்லை. இரண்டு பள்ளிகளில் கூப்பிட்டும் போகவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலையில் சேர்ந்தாள். அந்த வேலை பிடித்திருக்கிறது என்கிறாள். அதை நாங்கள் யாரும் நம்பியதில்லை.

7

கடைசி பெஞ்சுக்கு அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது?

இங்கே ஒரு அண்ணியை உருவாக்கினேன். தையல் தெரிந்த அண்ணி. துணியை விரித்துக் கத்தரித்துக்கொண்டே, பாரும்மா, இவ்வளவு துணியில் எத்தனை சட்டை என்று—

வேண்டாம். படிக்காத ஒருவர் வந்து படித்தவளுக்குக் கணக்கை விளக்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடக்கவில்லை. வேலையில் சேர்வதற்கு முந்தின வாரம், அவள் கதவைச் சாத்திக்கொண்டு, காகிதத்தை மடித்து மடித்து, தானே உட்கார்ந்து கண்டுபிடித்தாள். நாலு நாள் ஆச்சு என்றார் டீச்சர், வெட்கமில்லாமல்.

வகுத்தல் என்றால் இதில் அது எத்தனை தடவை இருக்கிறது என்ற கேள்விதானே. ஒரு முழுத் தாளில் மூன்றில் இரண்டு எத்தனை தடவை இருக்கிறது? ஒரு தடவை முழுசாக, இன்னொரு தடவை பாதி. ஒன்றரை. அதாவது இரண்டில் மூன்று. ஆக, அந்தத் திருப்பிய எண் வேறொன்றுமில்லை, ஒரு முழுத் தாளுக்கான விடை. நம்மிடம் இருப்பது முழுத் தாள் இல்லை, முக்கால் தாள். அதனால் அந்த ஒன்றரையில் முக்கால் பங்கை எடுக்கிறோம். அதுதான் பெருக்கல். முதல் எண் நம்மிடம் இருக்கிற தாள். அதை எதற்குத் திருப்ப வேண்டும்?

[இதை நான் மருத்துவமனையில், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை மடித்துச் சரிபார்த்தேன். எட்டில் ஒன்பதுதான் வருகிறது. வாழ்நாளில் முதல் தடவையாகப் புரிந்தது. எனக்கு வயது நாற்பது.]

என் மகள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, ஏன் என்று கேட்டதும் வகுப்பில் அழுதிருக்கிறாள். அதற்காகத்தான் டீச்சர் என்னைத் தனியே உட்கார வைத்தார். "நான் திட்டலைங்க. உங்க பொண்ணு மாதிரிதான் நானும் இருந்தேன்" என்று ஆரம்பித்துத்தான் இவ்வளவையும் சொன்னார். ஸ்கேல் என்று கூப்பிடுவோம் என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கையின் அந்தப் பட்டப்பெயர் எங்கள் வீட்டுக்கும் தெரியும், தோழியைத்தான் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், முதல் வருஷம் முகவரி தேடினேன், அப்புறம் தேடுவதை விட்டுவிட்டேன் என்றார். அவரிடமிருந்து இரண்டடியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

8

முடிவுகள்.

ஒன்று. குழாயடியில் அவள் உண்மையைச் சொல்கிறாள். ஸ்கேல் சிரித்துவிடுகிறாள். இருவரும் ஒரே கதவில் ஏறுகிறார்கள். படிக்க இனிப்பாக இருக்கிறது. நடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டு. அவள் வேலையை வேண்டாம் என்று சொல்லி ஸ்கேலுக்கு விட்டுக்கொடுக்கிறாள். விட்டாலும் அது இரண்டாமிடத்து மைக்குக்குத்தான் போயிருக்கும். மூன்றாமிடத்துக்கு வராது.

மூன்று. எழுதியவன் கதையைத் தங்கையிடம் கொடுத்துவிடுகிறான்.

மூன்றாவதை நான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போய், ஏழாவது பகுதிவரை அச்செடுத்த தாள்களை நீட்டினேன். வரைபட மேசையில் வைத்து, கையில் பென்சிலோடு படித்தாள். இரண்டு இடத்தில் சந்திப்பிழை திருத்தினாள். ஏழாவது பகுதிக்கு வந்ததும் ஒரு வெற்றுத் தாளை எடுத்து மூன்றாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் தேநீரை முடித்துவிட்டு வெறும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஐந்தாவது பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு வரியின் மேல் பென்சிலை வைத்தாள். 'நாளைக்கு மட்டும் லேசா கேளு.'

"இதுக்கு நீ காரணம் எழுதலையே?"

"மார்க்குக்காகத்தானே?"

"எனக்கும் தெரியாது, அண்ணா."

எனக்கு விளங்கவில்லை.

"ஏன் திருப்பணும்னு எனக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். மூணு மாசமா பக்கத்துல உக்காந்திருக்கேன், நோட்டோட பின்பக்கத்தைப் பாக்காமலா இருந்திருப்பேன்? அவ கேட்டா மாட்டிப்பேன்னுதான் லேசா கேளுன்னேன்."

"அப்போ அவ மேல கோவம்?"

"கோவம்னு அம்மாதான் சொல்லிட்டு இருக்காங்க. நான் என்னைக்காவது சொன்னேனா?" பென்சிலைக் கீழே வைத்தாள். "அவளாவது கேட்டா. எனக்கு அவ முகத்துல முழிக்க முடியலை. அவ்வளவுதான்."

பதினொரு வருடமாக அவள் தட்டைக் கழுவ எழுந்துபோனது எதற்கென்று இப்போது யோசிக்கிறேன். கதையின் முதல் ஏழு பகுதிகளில் என் தங்கை நான் நினைத்த ஆளாக இருக்கிறாள். எட்டாவதில்தான் அவளாக இருக்கிறாள். முன்னால் போய் அவற்றைத் திருத்தி எழுதலாம். திருத்தவில்லை. தப்பாகப் போட்ட கணக்கையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் என் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

9

அடுத்த பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு. பெற்றோர் வர முடியாவிட்டால் வேறு யார் வருகிறார் என்று எழுதிக் கையெழுத்திட ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். எனக்கு அன்று மருத்துவமனை. மனைவிக்கும் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கைதான் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். தான் போவதாக அவள் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

உறவு என்ற இடத்தில் நான் "அத்தை" என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் அவளே எழுதினாள், முழுப் பெயரையும். திங்கட்கிழமை என் மகள் அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் படித்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்ததாகவும், அப்புறம் மேசை இழுப்பறையில் வைத்ததாகவும் மகள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தங்கை கொஞ்சம் சொன்னாள், மகள் கொஞ்சம் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எழுத மாட்டேன். இந்த ஒரு இடத்திலாவது அவர்கள் இரண்டு பேரும் நான் எழுதாத ஆட்களாக இருக்கட்டும்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு அறை. பெஞ்சுகள் குட்டையாக இருக்கும், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பலகையில் அன்றைய பாடம் பாதி அழிந்திருக்கும். டீச்சர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று குனிந்து பார்க்கிறாள். நிமிர்ந்ததும் யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும்.

யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.